பாடத்தில் எது நகர வேண்டும்: படமா, அனிமேஷனா, வி.எஃப்.எக்ஸா?

டிஜிட்டல் பாடம் தயாரிக்க உட்காருகிற ஆசிரியரோ சிறு குழுவோ முதலில் கேட்பது பெரும்பாலும் மென்பொருளைப் பற்றித்தான். 3டி மென்பொருளான பிளெண்டர் கற்றுக்கொள்ளலாமா, அசைவூட்ட உதவும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குச் சந்தா கட்டலாமா, வி.எஃப்.எக்ஸுக்காக (படம்பிடித்த காட்சியோடு கணினியில் சேர்க்கும் காட்சி விளைவுகள்) பின்னணியை மாற்ற உதவும் க்ரீன் ஸ்கிரீன் என்ற பச்சைத் திரையை மாட்டலாமா, இல்லை ஸ்லைடே போதுமா? இதற்கெல்லாம் பதில் தேடும் முன் பாடத்தைக் கையில் எடுத்து, "இதில் எது நகர்கிறது?" என்று கேட்டுவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

இதயம் துடிக்கிறது, அங்கே நிஜமாகவே ஏதோ நகர்கிறது. இலைகளின் வகைகளைச் சொல்லும் பாடத்தில் எதுவும் நகரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டம் கூடும் என்ற பாடத்தில் ஒன்று மாற இன்னொன்று மாறுகிறது. அதைப் பார்ப்பதைவிடத் தானே மாற்றிப் பார்ப்பதுதான் மாணவருக்குத் தேவை. மூன்றும் மூன்று வகை. ஒரே கருவியால் மூன்றையும் செய்ய முயலும்போதுதான் நேரமும் உழைப்பும் வீணாகின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பாடங்களுக்குக் கையால் வரைந்துகொண்டே பேசுவது போதும். அதில் மிச்சமாகும் உழைப்பை, அசைவே பாடமாக இருக்கிற சில இடங்களில் மொத்தமாகப் போட வேண்டும். எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் அசைவைத் தூவுவதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

அசைவு எப்போது உதவுகிறது

அசையும் படம் அசையாத படத்தைவிட நன்றாகக் கற்பிக்கும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். 2002இல் உளவியலாளர் பார்பரா ட்வெர்ஸ்கியும் அவருடன் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். அனிமேஷன் ஜெயித்ததாகச் சொன்ன பல சோதனைகளில், அனிமேஷனில் இருந்த தகவல் அசையாத படத்தில் கொடுக்கப்படவே இல்லை என்று காட்டினார்கள். கூடுதல் தகவல் செய்த வேலைக்கு அசைவு பேர் வாங்கியிருந்தது. 2005இல் உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் குழு மின்னல், கடல் அலை, கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி, கார் பிரேக் ஆகிய நான்கை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்குக் குரலோடு ஓடும் அனிமேஷன், இன்னொரு பிரிவினருக்குக் குறிப்புகளோடு அச்சிட்ட படங்கள். எட்டு ஒப்பீடுகளில் நான்கில் அச்சுப் படம் பார்த்தவர்கள் முந்தினார்கள். மற்ற நான்கில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2007இல் ஹோஃப்லரும் லாய்ட்னரும் 26 ஆய்வுகளிலிருந்து 76 ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒட்டுமொத்தத்தில் அனிமேஷனுக்கு 0.37 என்ற விளைவு அளவில் (இரு பிரிவினரின் சராசரி வித்தியாசத்தை மதிப்பெண்களின் சிதறலோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) முன்னிலை கிடைத்தது. மிதமான ஆதாயம் என்று சொல்லலாம். ஆனால் கையால் செய்ய வேண்டிய வேலைகளைக் கற்பிக்கும்போது அதே அளவு 1க்கு மேல் போனது. அது பெரிய வித்தியாசம். அலங்காரத்துக்காகப் போட்ட அனிமேஷனால் ஆதாயம் எதுவும் தெரியவில்லை.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் வழி தெளிவாகத் தெரிகிறது. முடிச்சுப் போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, கருவியைக் கழற்றி மாட்டுவது போன்ற செய்முறைகளுக்கு யோசிக்காமல் அசையும் படத்துக்குப் போகலாம். கருத்து விளக்கத்துக்கு மட்டும் நின்று யோசிக்க வேண்டும்.

அசையும் படத்தின் சிக்கல், அது நமக்காக நிற்பதில்லை என்பதுதான். போன நொடியில் பார்த்ததை மனதில் பிடித்துக்கொண்டே இந்த நொடியைப் பார்க்க வேண்டும். விஷயம் தெரிந்தவருக்கு இது சுமையே இல்லை. புதிதாகக் கற்பவருக்கோ எதைப் பார்ப்பது, எதை விடுவது என்றே தெரியாது. மேயரும் பால் சாண்ட்லரும் 2001இல் மின்னல் அனிமேஷனை 16 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் 'தொடர்' என்று ஒரு பொத்தானை வைத்தார்கள். படத்தில் வேறு எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும், கற்றதை வேறு கேள்விகளுக்குப் பொருத்திப் பார்க்கும் சோதனையில் பொத்தான் கிடைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். அனிமேஷனில் எதற்குச் செலவு செய்யாவிட்டாலும், இந்த நிறுத்தங்களுக்காவது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இதயத்தை எடுத்துக்கொள்வோம்

ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.8 நொடி. மேலறைகள் சுருங்க 0.1, கீழறைகள் சுருங்க 0.3, தளர்ந்திருப்பது 0.4. அதே வேகத்தில் காட்டினால் யாருக்கும் எதுவும் புரியாது. பத்து மடங்கு மெதுவாக்கி எட்டு நொடிக்கு நீட்டினால்தான் கண்ணுக்குப் பிடிபடும். மெதுவாக்கியதைத் திரையில் எழுதிக் காட்டவும் வேண்டும்.

இதையே நான்கு அசையாத படங்களாகப் போட முடியாதா? முடியும். அறைகளின் பெயர்கள், ரத்தம் போகும் பாதை, எந்தப் பக்கத்தில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் என்பதற்கெல்லாம் படம்தான் மேல். மாணவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணை ஓட்டி ஒப்பிடலாம், முன்னால் போய்ப் பின்னால் வரலாம்.

படத்தால் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது: வால்வு ஏன் மூடுகிறது என்பது. வால்வு தானாக அசைவதில்லை. கீழறை சுருங்க, உள்ளே அழுத்தம் ஏற, அந்த அழுத்தத்தில் ரத்தம் திரும்பித் தள்ள, வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. காரணம் முதலில், விளைவு அப்புறம். அனிமேஷன் செய்பவர் கீஃபிரேம்களை (ஓர் அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிகளை) வைக்கும்போது சுவரின் சுருக்கத்தையும் வால்வின் அசைவையும் ஒரே ஃபிரேமில், அதாவது வீடியோவின் ஒரே தனிப் படத்தில், தொடங்கினால், வால்வுக்குச் சொந்தத் தசை இருந்து அது தானே கதவைச் சாத்திக்கொள்வதுபோல மாணவர் நினைத்துவிடுவார். சுவர் அசையத் தொடங்கி ஐந்தாறு ஃபிரேம் கழித்து வால்வு அசைய வேண்டும். அந்த ஐந்தாறு ஃபிரேமில்தான் பாடமே இருக்கிறது. இதைக் கவனிக்க நேரம் இல்லையென்றால் அசையாத படத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தப்பான அசைவு மனதில் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரித்தெடுப்பது கஷ்டம்.

மின்சுற்றுப் பாடங்களிலும் இதே கதைதான். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் அம்புபோலப் பறப்பதாகக் காட்டும் அனிமேஷன்கள் ஏராளம். சாதாரண வீட்டுக் கம்பியில் எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவதற்குக் காரணம், சுற்றில் எங்கும் உள்ள எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நகரத் தொடங்குவதுதான். பார்க்க விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று வேகத்தைக் கூட்டினால் இந்தக் கருத்து அப்படியே அடிபட்டுப் போகிறது.

கையால் வரைவதும் ஸ்லைடும்

2014இல் பிலிப் குவோவும் உடனிருந்தவர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்தார்கள். டேப்லெட்டில் எழுதி வரைந்துகொண்டே விளக்கும் வீடியோக்களை, ஸ்லைடு வீடியோக்களைவிட மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள். ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களே முழுதாகப் பார்க்கப்பட வாய்ப்பு அதிகம் என்றும் தெரிந்தது. அதிக நேரம் பார்த்தார்கள் என்பதால் அதிகம் கற்றார்கள் என்று ஆகிவிடாது. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது ஃபியோரெல்லாவும் மேயரும் 2016இல் செய்த சோதனைகள். டாப்ளர் விளைவைக் (ஒலி எழுப்பும் பொருள் நெருங்கும்போதும் விலகும்போதும் சுருதி மாறிக் கேட்பதை) கற்பிக்கும்போது, வரைந்து முடித்த படத்தைக் காட்டி விளக்குவதைவிட, ஆசிரியர் வரைவதைப் பார்க்கவைப்பது, குறிப்பாக முன்னறிவு குறைந்தவர்களுக்கு, உதவியது.

வரையும் கை, எங்கே பார்க்க வேண்டும் என்று தானே காட்டிக்கொடுக்கிறது. வேகமும் பேச்சின் வேகமாகவே இருக்கும். வரைந்தது திரையில் தங்கிவிடுவதால் போன நொடியை மனதில் சுமக்கத் தேவையில்லை. ஆக, அனிமேஷனின் நல்ல குணமும் அசையாத படத்தின் நல்ல குணமும் ஒன்றாக இங்கே கிடைக்கின்றன. ஒரு டேப்லெட்டும் ஒரு நல்ல மைக்கும் இருந்தால் அன்றைக்கே பதிவு செய்துவிடலாம். ஒயிட்போர்டு அனிமேஷன் மென்பொருள்களில் வரும் பொம்மைக் கை இதற்கு ஈடாகாது. ஏற்கெனவே தயாரான படத்தின் மேல் அது சும்மா ஓடுகிறது. எந்தக் கோடு எந்தச் சொல்லோடு வர வேண்டும் என்ற யோசனை அதில் இல்லை.

ஸ்லைடைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை, வகைப்படுத்த வேண்டியவை, அட்டவணைகள் எல்லாவற்றுக்கும் அதுதான் சரி. எழுத்துகள் சுழன்று வருவது, பக்கம் புரளும் எஃபெக்ட், பின்னணி இசை ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஸ்லைடில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே வாசிப்பதையும் தவிர்க்கலாம்; படத்தையும் பார்த்து, படித்து, கேட்டு என்று மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்வது நியாயமில்லை.

2டி, 3டி

கண்ணுக்குத் தெரியாத ஒன்று படிப்படியாக நடக்கும்போது 2டி மோஷன் கிராஃபிக்ஸ் (தட்டையான வரைபடங்களையும் எழுத்துகளையும் அசையவைப்பது) நன்றாகப் பொருந்தும். செல் பிரிவது, நெட்வொர்க்கில் தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போவது, ஒரு வரிசைப்படுத்தும் அல்காரிதம் எண்களை இடம் மாற்றுவது எல்லாம் இந்த வகை. கணிதத்துக்கென்றே மேனிம் என்ற இலவச பைதான் நூலகம் இருக்கிறது. கிராண்ட் சாண்டர்சன் தன் கணித வீடியோக்களுக்காக உருவாக்கியது அது. கோட் எழுதத் தெரிந்தவருக்குப் பெரிய வரம், ஏனென்றால் ஒரு எண்ணை மாற்றினால் முழு அனிமேஷனும் தன்னைத் திருத்திக்கொள்ளும். கையால் வரைந்து அசைவூட்ட சின்ஃபிக், ஓப்பன்டூன்ஸ் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன.

3டி பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. பொருளின் வடிவத்தைத் திருப்பிப் பார்க்காமல் புரியாது என்றால் மட்டும் 3டிக்குப் போங்கள். மூலக்கூறுகளில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்கள், படிக அமைப்பு, உட்காதின் சுருள் போன்றவை. அப்போதும் வீடியோவாக ரெண்டர் செய்வதைவிட (3டி மாடலிலிருந்து கணினி ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் தயாரிப்பதுதான் ரெண்டர்), மாணவர் தன் விரலால் திருப்பக்கூடிய மாடலாகக் கொடுப்பது மேல். எப்போது திருப்புவது, எந்தப் பக்கம் நிறுத்துவது என்பது கற்பவர் கையில் இருக்க வேண்டும்.

ரெண்டர் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒரு ஃபிரேமுக்கு ஐந்து நிமிடம் எடுத்தால் 7,200 நிமிடம், அதாவது ஒரே கணினியில் முழுசாக ஐந்து நாள். முடிந்த பிறகு ஒரு லேபிளில் பிழை தெரிந்தால்? பிளெண்டரின் ஈவி போன்ற வேகமான ரெண்டர் முறையில் இந்த நேரம் வெகுவாகக் குறையும், பாடத்துக்கு அந்தத் தரமும் போதும். எப்படி ரெண்டர் செய்தாலும் எழுத்துகளைப் படத்தோடு சேர்த்துச் சுட்டுவிடாதீர்கள். லேபிள்கள் தனி லேயரில் (படத்தின் மேலே வைக்கும் தனி அடுக்கில்) இருந்தால்தான் பின்னால் திருத்தவும் வேறு மொழியில் மாற்றவும் முடியும்.

திருத்தம் வரும் என்பது உறுதி. 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்தபோது, ஸ்லைடு வைத்திருந்தவருக்கு அது இரண்டு நிமிட வேலை. ஒன்பது கோள்களையும் குரலோடு 3டியில் ரெண்டர் செய்து வைத்திருந்தால் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சூரியக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. பூமியை ஒரு சென்டிமீட்டராக வரைந்தால் சூரியன் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும், இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 117 மீட்டர் தூரம். எந்தத் திரையிலும் இது அடங்காது. எனவே எல்லா 3டி சூரியக் குடும்பங்களும் அளவைத் திரிக்கின்றன. திரிக்கலாம், ஆனால் மாணவரிடம் சொல்லிவிட்டுத் திரிக்க வேண்டும். படம் எவ்வளவுக்கு எவ்வளவு நிஜம்போல இருக்கிறதோ, அவ்வளவுக்கு அளவும் நிஜம் என்று மாணவர் நம்புவார்.

வி.எஃப்.எக்ஸ்: க்ரீன் ஸ்கிரீனைத் தாண்டி

வி.எஃப்.எக்ஸ் என்றதும் ஆசிரியரை எரிமலை வாயில் நிறுத்துவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. எரிமலையைப் பற்றி அது எதையும் சொல்லித் தரவில்லை. ஆசிரியருக்கும் சங்கடம், பச்சைத் திரையிலிருந்து ஆசிரியர்மேல் விழும் பச்சை நிறக் கசிவைச் சரிசெய்யும் எடிட்டருக்கும் சங்கடம். என் பார்வையில், கல்வியில் வி.எஃப்.எக்ஸின் மதிப்பே வேறு இடத்தில் இருக்கிறது: நிஜமாக நடந்ததைப் படம்பிடித்து, கண்ணால் பிடிக்க முடியாததை அதன் மேலேயே தெரியவைப்பது.

ஒரு பந்தைக் கீழே விடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் வெள்ளைப் பந்து, அசையாத ட்ரைபாட், நொடிக்கு 60 ஃபிரேம், ஷட்டர் வேகம் அதிகம். ஒரு அளவுகோலும் படத்தில் தெரியட்டும். எடிட்டிங்கில் ஆறு ஃபிரேமுக்கு ஒன்றாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சமானதை மட்டும் வைத்துக்கொள்ளும் 'லைட்டன்' என்ற கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் பந்து 0.1 நொடிக்கு ஒருமுறை எங்கே இருந்தது என்பது ஒரே படத்தில் வரிசையாகத் தெரியும். விட்ட இடத்திலிருந்து 4.9, 19.6, 44.1, 78.4 சென்டிமீட்டர். இடைவெளிகளை மட்டும் பார்த்தால் 4.9, 14.7, 24.5, 34.3. அதாவது 1, 3, 5, 7 என்ற விகிதம். கலிலியோ கண்ட ஒற்றைப்படை விதி, மாணவரின் கண் முன்னால், நிஜப் பந்தில். வீடியோவை முதலில் அப்படியே ஓடவிட்டு, அப்புறம் மெதுவாக்கி, பந்து போன தடத்தை ஒவ்வொன்றாகப் பதியவிட்டு, கடைசியில் எண்களைக் கொண்டுவந்தால் அந்த ஒரு நிமிடம் பல பக்கச் சமன்பாடுகளுக்கு உயிர் கொடுக்கும்.

இதற்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். அளந்து வரைபடமும் போட வேண்டுமென்றால், இயற்பியல் வீடியோக்களுக்கென்றே உள்ள ட்ராக்கர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 3டியில் இதே பந்தை உருவாக்கினால், மாணவர் பார்ப்பது நாம் எழுதிய சமன்பாட்டின் படம். இங்கே பார்ப்பது இயற்கையை. இரண்டுக்கும் ஒரே உழைப்பு என்றாலும் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

தசை எப்படி இழுக்கிறது என்று நடப்பவரின் காலின் மேல் அம்புக்குறி ஒட்டி நகர்வது, இயந்திரம் ஓடும்போது ஒரு பாகத்தை மட்டும் நிறமிட்டுக் காட்டுவது, விதை முளைக்கும் பல நாட்களை அரை நிமிடமாகச் சுருக்குவது எல்லாமே இந்த வழியில் வருபவை.

மாணவர் தொட்டு மாற்றுவது

ஒன்று மாற இன்னொன்று மாறும் பாடங்களுக்கு வீடியோ எதுவுமே வேண்டாம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் (PhET) சிமுலேஷன்கள், அதாவது மாணவரே மாற்றிப் பார்க்கக்கூடிய கணினி மாதிரிகள், இலவசமாகவே கிடைக்கின்றன. பல மொழிகளில் வந்திருக்கின்றன, தமிழிலும்கூட. 2005இல் வந்த ஓர் ஆய்வில், மின்சுற்று சிமுலேஷனில் பழகிய மாணவர்கள், நிஜக் கம்பியும் பல்பும் வைத்துப் பழகியவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் நன்றாகச் செய்தார்கள். நிஜச் சுற்றை அமைக்கச் சொன்னபோதும் அவர்களே முன்னால் நின்றார்கள். கணிதத்துக்கு ஜியோஜீப்ரா இருக்கிறது. இவற்றை மிஞ்சுகிற மாதிரி ஒன்றை ஒரு சிறு குழு புதிதாகச் செய்வது கடினம். செய்ய வேண்டியதும் இல்லை. நல்ல கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்து, "இதை மாற்றினால் என்ன ஆகும்? முதலில் ஊகித்து எழுது, அப்புறம் செய்து பார்" என்று கொடுத்தால் போதும். கேள்வி இல்லாமல் விட்டால் பிள்ளைகள் எல்லாப் பொத்தானையும் அமுக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

பார்ப்பவரின் பக்கம்

பத்து நிமிட வீடியோ நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 112 எம்.பி. அதே பத்து நிமிடத்துக்குப் பத்துப் படங்களும், 64 கிலோபிட்டில் பதிவான குரலும் சேர்ந்து ஆறு எம்.பி.க்குள் அடங்கும். இணையம் தடுமாறும் இடத்தில் இருக்கும் மாணவருக்கு, பாடம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வித்தியாசம் இது. வீடியோ அவசியம் என்று முடிவெடுத்தாலும், அசைய வேண்டிய ஒரு நிமிடத்தை மட்டும் வீடியோவாக்கி மற்றதைப் படமும் குரலுமாகக் கொடுக்கலாம்.

மின்னி மின்னி வரும் எஃபெக்டுகளை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். ஜப்பானில் 1997 டிசம்பரில் ஒரு கார்ட்டூன் காட்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்றும், தானாகத் தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்றும் இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பார்வையில்லாத மாணவருக்கு, அசைவில் மட்டும் காட்டப்பட்டது கிடைப்பதே இல்லை; அதைக் குரலிலும் சொல்லிவிட வேண்டும். "இதோ இப்படிப் போகிறது" என்பதற்குப் பதிலாக "கீழறையிலிருந்து மேலே தமனிக்குள் போகிறது" என்று சொன்னால் பார்ப்பவருக்கும் நல்லதுதான்.

முடிவெடுக்கும் முன் ஒரு மணி நேரம்

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு எது என்று குழப்பமாக இருந்தால், ரெண்டர் பொத்தானைத் தொடும் முன் ஸ்டோரிபோர்டையே சோதித்துவிடலாம். நான்கைந்து தாள்களில் கையால் படம் வரைந்து, சொல்லப்போவதை ஃபோனில் பதிவு செய்து, அந்தப் பாடத்தை இதுவரை படிக்காத இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். பார்த்து முடித்ததும் படங்களை வாங்கி வைத்துவிட்டு, புரிந்ததை வரையச் சொல்லுங்கள். சரியாக வரைந்துவிட்டால் அந்தப் படங்களையே சுத்தமாக வரைந்து வெளியிடலாம், அனிமேஷன் தேவையில்லை. பெயர்களும் இடங்களும் மாறிப்போயிருந்தால் லேபிளும் வண்ணமும்தான் சரியில்லை. அதையும் அசைவு தீர்க்காது. எது முதலில், எது அதனால் என்ற இடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி தடுமாறியிருந்தால், அந்த இரண்டு தாள்களுக்கு நடுவில் இருக்கிற பத்து நொடியை மட்டும் அனிமேட் செய்யுங்கள்.